கார் நிழலில், பனல் வெயிலில்: நிறுத்தி வைத்த வாகனத்தின் பற்றரியை சோலாரால் காப்பாற்றுவது எப்படி?

கோண்டாவிலில் இருக்கும் ஒரு தம்பி இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணாவின் விட்ஸ் கார் இவர் பொறுப்பில் வீட்டில் நிற்கிறது. அண்ணா குடும்பத்தோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் ஒரு மாதம் ஓடும், மற்ற மாதங்களில் படலைக்கு வெளியே போவதே அருமை. ஒவ்வொரு முறையும் அண்ணா வரும் நேரத்தில் பற்றரி செத்துக் கிடக்கிறது. இரண்டு பற்றரி மாற்றியாகிவிட்டது. டாஷ்போர்டில் வைக்கிற சோலார் பனல் ஒன்று வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா என்பது முதல் கேள்வி. அப்பா ஓடுகிற மின்சார ஸ்கூட்டரையும் சோலாரிலேயே சார்ஜ் பண்ணலாமா என்பது அடுத்தது.

தொல்லை தீரும் தம்பி. ஆனால் டாஷ்போர்டில் வைக்கிற அந்தக் குட்டிப் பனலால் தீராது. கார் நிழலில் நிற்கவேண்டும், பனல் வெயிலில் இருக்கவேண்டும், நடுவில் ஒரு சார்ஜ் கொன்ட்ரோலர், அதாவது பற்றரி நிறைந்த பிறகு அளவுக்கு மிஞ்சி ஏறாமல் தடுக்கும் கருவி, இருக்கவேண்டும். இதைச் சரியாகச் செய்தால் 20 வாற் பனல் ஒன்றே உங்கள் காருக்குப் போதும். ஸ்கூட்டரின் கணக்கு வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நிற்கிற காரின் பற்றரி ஏன் இறங்குகிறது? திறப்பை எடுத்துப் பூட்டிவிட்டுப் போனாலும் காரில் சில பகுதிகள் விழித்தபடிதான் இருக்கும். மணிக்கூடு, அலாரம், ரிமோட்டுக்குக் காத்திருக்கும் பூட்டு, எஞ்சின் கம்பியூட்டரின் நினைவகம் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் எடுக்கும். பழுதில்லாத காரில் இது 20 முதல் 50 மில்லி அம்பியர் வரை வரும். 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.72 அம்பியர் மணி, ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட 22. உங்கள் காரில் இருப்பது ஏறக்குறைய 40 அம்பியர் மணிப் பற்றரி. ஆக, ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. இதுபோக, எதுவும் பூட்டாமல் தனியே வைத்தாலும் பற்றரி தன்பாட்டில் இறங்கும். 25 பாகை வெப்பத்தில் அது மாதம் 3 முதல் 5 வீதம். வெப்பம் 10 பாகை கூடினால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் நிற்கிற காருக்கு இரண்டு பக்கத்தாலும் நட்டம்.

இறங்கினால் திரும்ப ஏற்றலாமே என்று நினைக்கலாம். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஈய அமிலப் பற்றரி இறங்கும்போது அதன் தட்டுகளில் ஈய சல்பேற்று படிகிறது. கெதியாக ஏற்றினால் அது கரைந்து அமிலத்துக்குத் திரும்பிவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் பெரிய படிகங்களாக இறுகிவிடும், பிறகு எந்தச் சார்ஜராலும் முழுதாகக் கரைக்க முடியாது. உங்கள் அண்ணாவின் இரண்டு பற்றரிகளும் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும். அதனால்தான் சோலார் பனல் என்பது செத்த பற்றரியை எழுப்புகிற மருந்து அல்ல என்று அழுத்திச் சொல்கிறேன். நல்ல பற்றரியை நல்லபடியே வைத்திருப்பதற்குத்தான் அது. பழைய பற்றரியில் பனலைப் பூட்டிவிட்டு சோலார் சரிவராது என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது பனலின் குற்றம் இல்லை.

ஆகவே பனலுக்குக் காசு கொடுப்பதற்கு முன் ஒரு மல்ரிமீற்றர் வாங்குங்கள். சாதாரணமானதே போதும். காரை இரவு முழுக்க விட்டு, காலையில் கதவைத் திறக்காமல், பொனற்றை மட்டும் திறந்து பற்றரியின் இரண்டு முனையிலும் வைத்து அளவெடுங்கள். பொனற்றைத் திறக்கும் நெம்பு உள்ளே இருப்பதால் முதல் நாளே அதை இழுத்துவிட்டால் சுகம். 12.6 அல்லது 12.7 வோல்ற் காட்டினால் பற்றரி முழுதாக இருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால். 11.8க்குக் கீழே என்றால் வெறுமை. அடுத்து, யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு மீற்றரைப் பாருங்கள். முழு சார்ஜில் இருக்கும் பற்றரி ஸ்டார்ட் பண்ணும் அந்த நொடியில் 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் அது ஓய்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை நிற்கவேண்டும். நிற்காவிட்டால் கோளாறு, எஞ்சின் ஓடும்போது பற்றரியை ஏற்றும் ஓல்டர்னேற்றரில் இருக்கிறது, அதற்கு சோலார் மருந்தாகாது.

கார் எவ்வளவு கரண்டைக் களவாக எடுக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, பற்றரியின் மறை (நெகற்றிவ்) முனைக் கிளம்பைக் கழற்றி, கிளம்புக்கும் முனைக்கும் நடுவில் மீற்றரைப் பிடிக்கவேண்டும். தொடக்கத்தில் ஓரிரு அம்பியர்கூடக் காட்டும், பயப்படவேண்டாம். அரை மணித்தியாலம் கதவு திறக்காமல் விட்டால் காரின் கம்பியூட்டர்கள் ஒவ்வொன்றாக உறங்கி எண் இறங்கும். இறங்கி 0.05க்குள் நின்றால் நல்லது. 0.2, 0.3 என்று நின்றால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. கார் வாங்கிய பின் புதிதாகப் பூட்டிய ரேடியோ செற், கமெரா, மூடாத டிக்கி லைற், இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தால் பிடிபடும். இந்தச் சோதனை நடக்கும்போது மட்டும் யாரும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது, மீற்றர் எரிந்துவிடும்.

இன்னொரு பழக்கம் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே வாகனம் பார்த்துக்கொள்ளும் எல்லாரும் செய்வது அது. வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடுவது. அந்த ஒரு வாரத்தில் உங்கள் கார் 5 அம்பியர் மணியை இழந்திருக்கும். சும்மா ஓடும் எஞ்சின் பத்து நிமிடத்தில் பற்றரிக்குத் திருப்பிக் கொடுப்பது 1 அல்லது 2 அம்பியர் மணிதான். ஏசியும் லைற்றும் போட்டுவிட்டால் அதுவும் இல்லை. எஞ்சினும் சரியாகச் சூடாகாது, சைலன்சருக்குள் தண்ணீர் நின்று துருப்பிடிக்கும், பெற்றோலும் போகும். ஸ்டார்ட் பண்ணினால் மானிப்பாய் வரைக்கும் ஓடித் திரும்புங்கள். இல்லாவிட்டால் பேசாமல் விடுங்கள்.

காசே செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. மாதக்கணக்கில் கார் ஓடாது என்றால் மறை முனையைக் கழற்றி வைத்துவிடலாம். களவுக் கரண்ட் முழுக்க நின்றுவிடும். முழு சார்ஜோடு கழற்றி வைத்த நல்ல பற்றரி மூன்று மாதம் தாங்கும், இடையில் ஒருமுறை வெளிச் சார்ஜரில் ஏற்றினால் இன்னும் தாங்கும். அலாரம் வேலை செய்யாது, ரேடியோவும் மணிக்கூடும் மறந்துபோகும், யன்னல் செற்றிங்கைத் திரும்பச் செய்யவேண்டி வரலாம். இது உங்களுக்குப் பரவாயில்லை என்றால் சோலாரே தேவையில்லை. கார் எந்த நேரமும் தயாராக நிற்கவேண்டும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்றால்தான் பனல்.

சரி, அந்த டாஷ்போர்ட் பனலுக்கு வருவோம். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 1.5 முதல் 2.5 வாற் வரைதான். நேர் வெயிலில் 100 மில்லி அம்பியர் தரும் என்று எடுத்தாலும், முன் கண்ணாடி ஒரு பங்கைத் தின்றுவிடும், கருப்பு ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தால் இன்னும் கூட. வெயில் சாயும்போது பனல் சாயாது. நாள் முடிவில் கால் அம்பியர் மணி கிடைத்தால் அதிசயம். உங்கள் கார் எடுப்பதோ 0.72. அதுமட்டுமல்ல, இந்தப் பனல்களோடு வரும் வயர் சிகரெட் லைற்றர் துளைக்குள் போகும் விதத்தில்தான் இருக்கும். ஜப்பான் கார்கள் பலவற்றில் திறப்பை எடுத்ததும் அந்தத் துளை துண்டிக்கப்பட்டுவிடும். பனலில் சிவப்பு லைற் எரியும், பற்றரிக்கு ஒன்றும் போகாது. இதைத் தெரியாமல் மாதக்கணக்கில் நம்பியிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, அந்தப் பனலுக்காகக் காரை வெயிலில் விடுவது. ஈய அமிலப் பற்றரிக்கு முதல் எதிரி வெப்பம்தான். 10 பாகை கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. வெயிலில் நிற்கிற காரின் டாஷ்போர்ட் 70 பாகையையும் தாண்டும். பற்றரியைக் காப்பாற்றப் போய் ரயர், றப்பர், சீற் எல்லாவற்றையும் வெயிலுக்குக் கொடுப்பதில் நியாயம் இல்லை. கார் மாமரத்துக்குக் கீழோ போர்ட்டிக்கோவிலோ நிற்கட்டும். பனலை வீட்டுக் கூரையிலோ கொட்டில் தகரத்திலோ பொருத்தி இரண்டு வயரைக் கீழே இறக்குங்கள்.

இடம் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் முழுதும் இருக்கவேண்டும். யாழ்ப்பாணம் வடக்கு அகலாங்கு 9.7 பாகையில் இருக்கிறது. சூரியன் சித்திரை (ஏப்ரல்) நடுப்பகுதியிலும் ஆவணி (ஓகஸ்ட்) கடைசியிலும் நமக்கு நேர் உச்சியில் வரும். அதனால் பனலைத் தெற்குப் பார்த்து 10 பாகை சரித்தால் போதும். அந்தச் சரிவு வெயிலுக்காக என்பதைவிட மழைத் தண்ணீர் ஓடித் தூசியைக் கழுவுவதற்காகத்தான் அதிகம் உதவும். நல்ல நாளில் 5 மணித்தியால முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்கால மழை முகிலில் இது வெகுவாகக் குறையும், தொடர்ந்து மூடிக்கிடக்கும் நாட்களில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பனலின் அளவை அந்த நாட்களை மனதில் வைத்துத்தான் தீர்மானிக்கவேண்டும்.

நிழல் விஷயத்தைச் சொல்லி விளங்கவைப்பதைவிட நீங்களே செய்து பார்ப்பது நல்லது. பனலை முற்றத்தில் வைத்து மீற்றரை அம்பியரில் பூட்டுங்கள். 20 வாற் பனல் என்றால் நடு மத்தியானத்தில் 1 அம்பியருக்குக் கிட்டக் காட்டும். இப்போது ஒரு பலா இலையை எடுத்து, பனலில் உள்ள கட்டங்களில் ஒன்று முழுதாக மூடும்படி வையுங்கள். பரப்பில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் மூடியிருக்கிறீர்கள், ஆனால் எண் சடாரென்று விழும். 36 செல்களும் ஒன்றன் பின் ஒன்றாகத் தொடரில் இருக்கின்றன, ஒன்று அடைத்தால் மற்றவற்றின் கரண்டும் அதற்குள்ளால்தான் போகவேண்டும். பெரிய பனல்களில் இதைத் தாண்டிப் போகப் பைபாஸ் டயோட் இருக்கும், சின்னப் பனல் பலவற்றில் இருக்காது. ஆகவே ஒரு தென்னோலையின் நிழல், அன்ரனாக் கம்பத்தின் நிழல், காகத்தின் எச்சம் எல்லாமே கணக்கில் வரும். சோளகம் வீசுகிற மாதங்களில் கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தூசி நன்றாகப் படியும். மாதம் ஒருமுறை விடியப்புறம் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். மத்தியானம் கொதிக்கிற கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

பனல் வாங்கும்போது பின்னால் ஒட்டிய லேபிளை மட்டும் நம்பாதீர்கள். நல்ல மொனோ (ஒற்றைப் படிக சிலிக்கன்) பனல் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 200 வாற் தரும். அப்படியென்றால் 100 வாற்றுக்கு அரைச் சதுர மீற்றர் வேண்டும், 20 வாற்றுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு. அப்பியாசக் கொப்பி அளவுப் பனலில் 50 வாற் என்று எழுதியிருந்தால் அது பொய். இணையத்தில் விற்பவற்றில் இந்தப் பொய் மலிந்து கிடக்கிறது. ஒரு அடிமட்டத்தோடு போங்கள். 12 வோல்ற் பனல் என்று சொல்வது வெயிலில் எதுவும் பூட்டாமல் அளந்தால் 21, 22 வோல்ற் காட்டவேண்டும். அது பழுது அல்ல. பற்றரியை நிரப்ப 14 வோல்ற்றுக்கு மேல் வேண்டும், வெயிலில் பனல் சூடாகும்போது அதன் வோல்ற் இறங்கும், அதற்காகத்தான் இந்த இடைவெளி. சூடாவதால் பலமும் குறையும், 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.4 வீதம். தகரத்தில் ஒட்டவைக்காமல் கீழே நாலு விரல் இடைவெளி விட்டுப் பொருத்துங்கள், காற்று ஓடட்டும்.

உங்கள் காருக்கு ஏன் 20 வாற் என்கிறேன்? களவுக் கரண்டும் தன்பாட்டில் இறங்குவதும் சேர்ந்து நாளொன்றுக்கு 0.85 அம்பியர் மணி வருகிறது. 10 வாற் பனல் நல்ல வெயிலில் இழப்பெல்லாம் கழித்து 2 தரும், அது தாராளம். மாரியில் அதுவே 0.7க்கு இறங்கினால் போதாது. 20 என்றால் மாரியிலும் சமாளிக்கும். அதற்கு மேல் போகவேண்டியதில்லை. பற்றரி ஏற்கெனவே இறங்கிப் போயிருந்தால், பனலில் போட்டு ஏறும் ஏறும் என்று காத்திருக்கவேண்டாம். 10 வாற் பனலுக்கு அதை நிரப்ப மூன்று வாரம் பிடிக்கும். அந்த மூன்று வாரமும் சல்பேற்று இறுகிக்கொண்டிருக்கும். முதலில் கராஜில் கொடுத்து மெதுவாக ஒரு நாள் ஏற்றி எடுங்கள், பிறகு பனலைப் பூட்டுங்கள்.

சார்ஜ் கொன்ட்ரோலர் கட்டாயமா என்று கேட்பீர்கள். 40 அம்பியர் மணிப் பற்றரிக்கு 5 வாற்றுக்குள் என்றால் ஒரு டயோட்டோடு நேரே பூட்டலாம். இரவில் பற்றரியின் கரண்ட் பனலுக்குள் திரும்பிப் பாயாமல் அந்த டயோட் தடுக்கும். 20 வாற் என்றால் கொன்ட்ரோலர் இல்லாமல் பூட்டவே கூடாது. பற்றரி நிறைந்த பிறகும் பனல் விடாமல் தள்ளும், வோல்ற் 15, 16 என்று ஏறும், பற்றரித் தண்ணீர் பிரிந்து ஐதரசனும் ஒட்சிசனுமாக வெளியேறும். தண்ணீர் வற்றித் தட்டு வெளியே தெரிந்தால் பற்றரி முடிந்தது. அந்த வாயுவில் ஒரு பொறி பட்டால் வெடிக்கவும் செய்யும். சின்னப் பனலுக்கு சாதாரண பீடபிள்யூஎம் (PWM) வகைக் கொன்ட்ரோலரே போதும், விலை கூடிய எம்பிபிடி (MPPT) வகை தேவையில்லை. ஆனால் வாங்கியதும் நம்பிவிடாதீர்கள். நிறைந்த பற்றரியில் பூட்டி இரண்டு நாள் கழித்து மத்தியானத்தில் அளந்து பாருங்கள். 13.5க்கும் 13.8க்கும் இடையில் நிற்கவேண்டும். 14.5க்கு மேலேயே நின்றுகொண்டிருந்தால் அதைக் கழற்றி எறியுங்கள். நம்முடைய வெப்பத்துக்குச் சற்றுக் குறைவாக, 13.5க்குக் கிட்ட நிற்பதே நல்லது. வெப்பநிலையைப் பார்த்துத் தானாகவே குறைக்கும் கொன்ட்ரோலர் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்கலாம்.

பூட்டும் ஒழுங்கு முக்கியம். முதலில் கொன்ட்ரோலரைப் பற்றரியோடு பூட்டுங்கள், பிறகு பனலை. கழற்றும்போது பனல் முதல், பற்றரி பிறகு. முதலில் பற்றரியைப் பார்த்தால்தான் கொன்ட்ரோலர் இது 12 வோல்ற் என்று பிடித்துக்கொள்ளும். பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 3 அல்லது 5 அம்பியர் பியூஸ் ஒன்று இருக்கவேண்டும். கூரையிலிருந்து வரும் வயர் எங்காவது உரசித் தோல் உரிந்தால் அந்தப் பியூஸ்தான் உங்கள் காரையும் கொட்டிலையும் காக்கும். 10 மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போதும். காருக்குப் பக்கத்தில் கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு கனெக்டர் வையுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் அவசரத்தில் வயரோடு காரை எடுத்துவிடுவீர்கள். இடி மின்னல் நேரத்திலும் அதைக் கழற்றிவிடலாம். கொன்ட்ரோலரைப் பொனற்றுக்குள் வைக்காமல் கொட்டில் சுவரில், மழையும் வெயிலும் படாத இடத்தில் பொருத்துங்கள்.

பற்றரித் தண்ணீர் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு தனிச் சொல். மூடி திறக்கிற பற்றரி என்றால் வடித்த நீரைத் தவிர வேறொன்றும் ஊற்றவேண்டாம். நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணக் கல்லுக்குள்ளால் வருவது, கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்சியமும், தீவுப்பகுதி உவர்த் தண்ணீரின் குளோரைட்டும் பற்றரிக்குள் போனால் தட்டுகளைக் கெடுத்துவிடும். கொதிக்கவைத்து ஆறவைத்தாலும் உப்பு உப்பாகத்தான் இருக்கும். போத்தல் தண்ணீரும் சரிவராது. 1990 இல் மின்சாரம் நின்ற பிறகு பற்றரியை உயிர்போலப் பார்த்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பற்றரித் தண்ணீர் மட்டம் பார்ப்பதை அவர்களிடம் கேட்டுப் பழகலாம்.

வேலணை, ஊர்காவற்துறை, பருத்தித்துறை போல கடற்காற்று படுகிற இடங்களில் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூப்பது வழமை. அந்தப் பூப்பு கரண்டை மறிக்கும். பற்றரி நன்றாக இருந்தும் ஸ்டார்ட் வராமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கழன்றுவிடும். மூடித் துளைகளுக்குள் அந்தத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காயவிட்டு, கிளம்பை இறுக்கி, மேலே வசலீன் பூசிவிடுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களின் வாகனம் விட்ஸ் ஆக இருக்காது என்பதால் சில விஷயம். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் பொனற்றைத் திறந்து முதலில் பாருங்கள். டைனமோவோடு வந்த அந்தப் பழைய பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர் முனைதான் பொடியில் (காரின் இரும்பு உடலில்) பூட்டியிருக்கும். பின்னால் யாராவது மாற்றியிருந்தால் ஒழிய அது அப்படித்தான். பழக்கத்தில் மறை முனை வயரைப் பொடியில் பூட்டினால் கொன்ட்ரோலர் புகைந்துவிடும். இரண்டு வயரையும் பற்றரியின் முனைகளிலேயே பூட்டுங்கள், பொடியைத் தொடவேண்டாம். அந்தக் கார்களில் களவுக் கரண்ட் என்று ஒன்று இல்லாததால் முனையைக் கழற்றி வைப்பதே போதுமென்பது என் எண்ணம். பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட்டுகளில் பனலைப் பூட்டவேண்டியது பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும் 12 வோல்ற் பற்றரிக்கு மட்டும். செம்மஞ்சள் நிற வயர் போகிற பெரிய பற்றரியை யாரும் தொடக்கூடாது, அதில் உயிர் போகிற அளவு வோல்ற் இருக்கிறது. பழைய பிரியஸ்களில் 12 வோல்ற் பற்றரி செத்தால் டிக்கியும் திறக்காது, பற்றரியோ டிக்கிக்குள் இருக்கிறது. பொனற்றுக்குள் பியூஸ் பெட்டியில் வெளியிலிருந்து கரண்ட் கொடுக்க ஒரு முனை வைத்திருக்கிறார்கள், அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காலபோக உழவு முடிந்து மாதக்கணக்கில் நிற்கும் நாலு சில்லு உழவு இயந்திரத்துக்கும் கூரைப் பனல் நல்ல பொருத்தம், பற்றரி பெரிதென்பதால் 30 அல்லது 40 வாற் போடலாம். நாள் முழுக்க ஓடுகிற ஓட்டோவுக்கு இது எதுவும் தேவையில்லை.

இனி அப்பாவின் ஸ்கூட்டர். 60 வோல்ற் 20 அம்பியர் மணி என்று எடுத்தால் அதன் பற்றரி 1.2 யூனிற். சார்ஜர் இழப்போடு சுவரிலிருந்து ஒன்றரை யூனிற் இழுக்கும். 450 வாற் பனல் ஒன்று நல்ல நாளில் அதைவிடச் சற்றுக் கூடவே தரும். எனவே கணக்கில் ஒரு பனல் போதும். கையில் செய்யும்போதுதான் சிரமம் தெரியும். வெயில் அடிக்கிற நேரத்தில் ஸ்கூட்டர் வீட்டில் நிற்கவேண்டும். அப்பா காலையில் எடுத்துப் போய்ப் பின்னேரம் வந்தால், பகல் கரண்டைச் சேமிக்க வீட்டில் இன்னொரு பற்றரியும் இன்வேர்ட்டரும் வேண்டும். அந்தச் செலவு ஸ்கூட்டர் குடிக்கும் கரண்டின் விலைக்கு ஒருநாளும் ஈடாகாது. 12 வோல்ற் பனல் ஐந்தைத் தொடரில் பூட்டி நேரே ஸ்கூட்டர் பற்றரிக்குக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யவேண்டாம். 60 வோல்ற் பற்றரித் தொகுதி நிறையும்போது 72 வோல்ற்றைத் தாண்டும், அந்த அளவு நேரோட்டத்தில் பொறி பறந்தால் இலகுவில் அணையாது. லிதியம் பற்றரி என்றால் தீ அபாயமும் சேர்ந்துகொள்ளும். ஸ்கூட்டரோடு வந்த சார்ஜரை விட்டு வேறு வழியில் ஏற்றவேண்டாம்.

வீட்டுக் கூரையில் மின்சார சபையோடு இணைத்த சோலார் போடும் எண்ணம் இருந்தால், அதுதான் ஸ்கூட்டருக்கும் நாளைக்கு வாங்கக்கூடிய மின்சாரக் காருக்கும் சரியான வழி. 2016 இல் சூரிய பல சங்கிராமம் என்ற அரசின் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது ஒரு யூனிற்றுக்கு முதல் ஏழு ஆண்டுகள் 22 ரூபா என்று கொடுத்தார்கள். விலை பலமுறை மாறிவிட்டது, ஒப்பந்தம் போடும் நேரத்து விலையைக் கேட்டுக் கணக்குப் பாருங்கள். ஒன்றை மறக்கவேண்டாம்: இப்படி இணைத்த சாதாரண இன்வேர்ட்டர், கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். வயரில் வேலை செய்பவரின் உயிருக்கான பாதுகாப்பு அது. 2022 பங்குனி முடிவில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது, கூரை நிறையப் பனல் இருந்தும் வீட்டில் ஒரு லைற் எரியாமல் பலர் திகைத்தது இதனால்தான். மின்வெட்டிலும் ஏற்றவேண்டும் என்றால் பற்றரியோடு கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டர் வேண்டும்.

மின்சாரக் காரின் கூரையிலேயே பனல் ஒட்டி ஓடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். டொயோட்டா தன்னுடைய பிரியஸ் பிளக் இன் காரின் கூரையில் 180 வாற் பனல் வைத்தது. அதிலிருந்து நாளொன்றுக்கு அதிகபட்சமாகக் கிடைப்பது 6 கிலோமீற்றர் ஓட்டம் என்று அந்த நிறுவனமே சொன்னது. காரின் கூரையில் அவ்வளவுதான் இடம் இருக்கிறது, சூரியனும் அவ்வளவுதான் தரும். இங்கே ஓடுகிற, 24 யூனிற் பற்றரி கொண்ட நிசான் லீஃப் மின்சாரக் காரை 100 வாற் பனலால் நிரப்ப இரண்டு மாதம் ஆகும்.

பழைய பற்றரிகள் இரண்டும் வளவில் கிடந்தால் அவற்றைப் புதிய பற்றரி வாங்கும் கடையில் கொடுங்கள், நிறைக்குக் காசு தருவார்கள். அமிலத்தை வேலிக் கரையில் ஊற்றிவிட்டுக் கொடுக்கவேண்டாம். அதில் ஈயம் கரைந்திருக்கிறது, நாம் குடிக்கிற தண்ணீர் அதே நிலத்துக்குக் கீழேதான் நிற்கிறது.

இந்தக் கிழமை பனல் வாங்காமல் அளவு மட்டும் எடுங்கள். இரவு முழுக்க நிறுத்திய பிறகு பற்றரி எத்தனை வோல்ற், கார் உறங்கிய பிறகு எத்தனை மில்லி அம்பியர், கொட்டிலிலிருந்து வெயில் படுகிற கூரைக்கு எத்தனை மீற்றர் என்று எனக்கு எழுதிவிடுங்கள். களவுக் கரண்ட் 50ஐத் தாண்டியிருந்தால் 20 வாற் போதாது, முதலில் அந்த ஒழுக்கைத்தான் பிடிக்கவேண்டும்.